இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று நம் நூலகங்கள் கேட்க வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், நூலகர்களுக்கும், கிளைகள்தோறும் இயங்கிவரும் வாசகர் வட்டங்களின் பொறுப்பாளர்களுக்கும் அரூர் வட்டத்து வாசகன் ஒருவனின் வணக்கம்.

நம் இரு மாவட்டங்களிலும் மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம் வரை ஒவ்வொன்றிலும், நூல் வழங்கும் மேசைக்கு அருகில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். வாசகர்கள் தாங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூல் எது, அதில் எந்த இடம்வரை வந்திருக்கிறார்கள், படிப்பு எப்படிப் போகிறது என்பதை அதில் தம் கைப்பட எழுதிவைக்கட்டும். நான் கேட்பது கோடு போட்ட ஒரு நீள நோட்டும், கயிற்றில் கட்டிய ஒரு பேனாவும்தான். ஆயினும் அது இல்லாததால் நாம் இழந்துகொண்டிருப்பது பெரிது என்று நம்புவதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அதன்படி வீட்டுவரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியையும் சேர்த்துக் கட்டிவருகிறது. பென்னாகரத்தில் ஓட்டுவீட்டில் இருப்பவரும் ஓசூரில் மாடிவீட்டில் இருப்பவரும் அவரவர் அளவில் இந்த நூலகங்களுக்கு உரிமையுடையவர்களே. அந்தச் சட்டத்திற்காகப் பல்லாண்டுகள் பாடுபட்ட சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். அவற்றுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. இரண்டாம் விதிக்காகப் பகுப்பு எண்ணும், நூற்பட்டியலும், அடுக்குகளும் இருக்கின்றன. மூன்றாம் விதிக்கு நம் நூலகங்களில் இருக்கும் ஏற்பாடு மிகக் குறைவு. ஒரு நூல் தானாக எழுந்துபோய்த் தன் வாசகரைத் தேடிக்கொள்ளாது. புதிதாக வந்த நூல்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவைத்தால் அட்டைதான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை, அதை இப்போது கையில் வைத்திருக்கும் இன்னொரு வாசகர்தான் சொல்ல முடியும்.

நூலகத்துப் பழைய நூல் எதையேனும் திறந்து, உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். ஊதா மையில் ரப்பர் முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவரும். சில நேராகவும், சில சாய்ந்தும், சில மை காய்ந்துபோய் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் தெரியும்படியும் விழுந்திருக்கும். அடுத்தடுத்த மாதங்களில் மூன்று முத்திரைகள் இருக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் இராது. மறுபடி ஒன்று விழுந்திருக்கும். அந்த நூலை நம் ஊரில் யாரோ சிலர் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. ஆனால் அவர்கள் அதை முழுவதும் படித்தார்களா, நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார்களா, இரவு விளக்கை அணைக்க மனமில்லாமல் படித்தார்களா என்பதற்கு எங்கும் பதிவில்லை. அடுத்தடுத்து அதே நூலை எடுத்துச் சென்ற இருவர் ஒரே தெருவில் குடியிருந்தாலும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். நூலகம் நூல்களின் போக்குவரத்தைச் செம்மையாகப் பதிவு செய்கிறது. வாசிப்பைப் பதிவு செய்வதில்லை.

ஒருவரிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பது வெறும் நலம் விசாரிப்பு என்று நினைப்பவர்களுக்குத் தமிழின் பதிப்பு வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880 அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். யாரிடம் படித்தீர்கள், என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் நீளமாக அடுக்கினார். முதலியாரின் முகத்தில் அவற்றால் ஒரு மலர்ச்சியும் இல்லை. சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்டதும், பிறகு தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதும், ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருப்பவை. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அந்த வழியிலேயே தொடர்ந்த உழைப்பில் 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. ஔவையார், இன்று தர்மபுரி எனப்படும் நம் தகடூரின் அதியமானைப் பாடிய பாடல்களை இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட அச்சில் படிக்க முடிகிறதென்றால், அந்த நீண்ட சங்கிலியின் முதல் கண்ணியாக இருப்பது ஒருவர் இன்னொருவரிடம் என்ன படித்தீர்கள் என்று அக்கறையோடு கேட்ட கேள்வி. கேட்டவர் சேலத்தவர், 1965 வரை நாமும் சேலம் மாவட்டத்தவர்களே என்பதால் அந்தப் பெருமையில் நமக்கும் சிறு பங்கு கோரலாம் என்று எண்ணுகிறேன்.

இதைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு சான்றும் உண்டு. நம் ஊரின் பெயரையே தாங்கிய தகடூர் யாத்திரை என்ற பழந்தமிழ் நூல், தகடூர்ப் போரைப் பற்றியது. அது முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நம்மிடம் இருக்கும் பாடல்கள் எப்படித் தப்பின என்று பார்த்தால், பெரும்பகுதி புறத்திரட்டு என்ற தொகைநூலாலும், எஞ்சிய சில பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் தப்பியவை. புறத்திரட்டைத் தொகுத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் பல நூல்களைப் படித்தார். பிடித்த பாடல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எழுதிவைத்தார். ஒவ்வொன்றும் எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதையும் உடன் குறித்தார். முத்தொள்ளாயிரத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பாடல்களும் பெரும்பாலும் அந்தக் கையால் எஞ்சியவையே. தாம் படிப்பதை மற்றவர்க்கும் தெரியும்படி எழுதிவைத்த ஒரு வாசகர் இல்லாதிருந்தால், தகடூர் யாத்திரையில் நமக்கு மிஞ்சியிருப்பது இன்னும் எவ்வளவோ குறைந்திருக்கும். படிப்பதைக் குறித்துவைக்கும் வழக்கத்திற்கு இவ்வளவு கடன்பட்ட ஊர் தமிழ்நாட்டில் வேறு ஏதேனும் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

சிறந்த நூல்களின் பட்டியல் வெளியிடலாமே, நூல் விமர்சனப் போட்டி வைக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அவையும் நடக்கட்டும், நான் கேட்பது வேறு. படித்து முடித்த நூலைப் பற்றி எழுதும்போது நாம் தீர்ப்புச் சொல்கிறோம். பலர் நடுவில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. யாரும் குறைசொல்ல முடியாத பெரிய பெயர்களையே எழுதிவைக்கிறோம். படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி எழுதுபவர் இன்னும் வழியில் இருக்கிறார். அவருக்கு ஐயங்கள் உண்டு, சலிப்பு உண்டு, அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவல் உண்டு. அந்த நிலையில் உள்ளவரோடுதான் இன்னொருவர் பேச்சைத் தொடங்க முடியும். தரவரிசையில் முதலிடம் பெற்ற நூலைக் கண்டு தயங்கி நிற்கும் புதிய வாசகர்கூட, நூற்றுப் பத்தாம் பக்கத்தில் திணறிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தால், அப்படியானால் நாமும் தொடங்கிப் பார்க்கலாம் என்று துணிவார். பாதியில் நிறுத்திய நூல்களையும் தயங்காமல் எழுதட்டும். ஒரு நூலை ஐந்து பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அதுவும் நாம் அறிய வேண்டிய செய்திதான்.

இது வெறும் கற்பனை இல்லை. எங்கள் பகுதிக் கிளை நூலகம் ஒன்றில், நூலகரின் இசைவோடு, வாசகர் வட்ட நண்பர்கள் சிலர் சேர்ந்து இப்படி ஒரு நோட்டைச் சில காலம் வைத்திருந்தோம். முதலில் எங்கள் வட்டத்தாரின் கையெழுத்துகளே இருந்தன. பிறகு தெரியாத கையெழுத்துகள் வரத் தொடங்கின. வரலாற்று நாவல் ஒன்றின் முதல் பாகத்தை முடித்த ஒருவர், இரண்டாம் பாகம் அடுக்கில் இல்லை, எங்கே கிடைக்கும் என்று எழுதியிருந்தார். அதன் கீழே வேறு மையில், ‘என் வீட்டில் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன்’ என்று பதில் வந்தது. மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பழைய மரங்களைக் கவாத்து செய்து புதுப்பிப்பது பற்றிய வேளாண் துறை வெளியீட்டைப் படிப்பதாகவும், அதில் உள்ள படம் விளங்கவில்லை என்றும், தெரிந்தவர் சொல்லவும் என்றும் எழுதினார். தெரிந்தவர் யாரோ ஒருவர், எந்தக் கிளையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நோட்டிலேயே சிறியதாக ஒரு மரத்தை வரைந்து, வெட்டுமிடங்களில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். பள்ளிச் சிறுமி ஒருத்தி, ‘பாதியில் நிறுத்திவிட்டேன், அந்த நாய் செத்துவிடும் போல் இருக்கிறது’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பெரியவர் ஒருவரின் நடுக்கமுள்ள எழுத்தில், ‘சாகாது பாப்பா, பயப்படாமல் படி’ என்று இருந்தது. அந்தப் பெரியவரும் குழந்தைகள் பகுதிக்குப் போய் அந்தக் கதையைப் படித்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

பின்னர் அந்த நூலகர் மாற்றலாகிப் போனார். கட்டடத்திற்கு வெள்ளை அடித்தபோது பழைய தாள்களோடு அந்த நோட்டும் போய்விட்டது. யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. மேலிருந்து ஒரு வரி உத்தரவு இல்லாத ஏற்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓர் ஆளோடு வந்து அந்த ஆளோடு போய்விடும். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆணைக்குழுவை நாடுகிறேன்.

பிறரைக் கேட்பவன் தன்னுடையதையும் சொல்ல வேண்டும். நான் இப்போது புறநானூற்றில் ஔவையார் பாடல்களை, கிடைத்தவரை பழைய உரையோடு, மெதுவாகப் படித்துவருகிறேன்; 95ஆம் பாடலில் நிற்கிறேன். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன; எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து எந்நேரமும் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று சொல்லும் பாட்டு அது. நம் நூலக அடுக்குகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வருகிறது. அட்டை மெருகு குலையாமல் வரிசையாக நிற்பவை தொண்டைமானின் ஆயுதங்கள். முதுகு கிழிந்து, பக்கம் கழன்று, பைண்டிங் செய்பவரிடம் காத்துக் கிடப்பவை அதியமானுடையவை. நம் நூல்கள் இரண்டாவது வகையில் சேர வேண்டும்.

இனி, மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதுவது முழுக்க வாசகரின் விருப்பத்திற்கு உரியதாக இருக்க வேண்டும். பெயர் எழுத விரும்பாதவர் பெயரின்றி எழுதலாம். எழுதவே விரும்பாதவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. யார் எந்த நூலை எடுத்தார் என்ற வழங்கல் பதிவு எக்காரணம் கொண்டும் இந்த நோட்டோடு கலக்கப்படக் கூடாது. அதைப் பார்க்கும் உரிமை நூலகருக்கு மட்டுமே உண்டு. திருமணச் சட்டம் பற்றியோ தன் உடல்நலம் பற்றியோ ஒரு பெண் எடுத்துச் சென்ற நூலின் பெயர், அவள் வீடு சேர்வதற்கு முன்பே வீட்டாரின் காதுக்குப் போய்ச் சேர்ந்த ஊர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவள் நூலகத்தின் பக்கமே வராமல் போனாள் என்பதை நான் அறிவேன். சாதி கடந்த திருமணத்திற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் பகுதியில், என்ன படிக்கிறாய் என்ற கேள்வியே சில இளைஞர்களுக்கு அச்சமூட்டும் விசாரணையாக ஒலிக்கக்கூடும். இதை நன்கு உணர்ந்தே கேட்கிறேன்: படிப்பதைச் சொல்லும் உரிமையையும் சொல்லாதிருக்கும் உரிமையையும் நூலகம் ஒருசேரக் காக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இதைத் தெளிவாக எழுதி ஒட்டிவிட்டால் போதுமானது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து வாசகர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருது படிப்போரும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் பள்ளியில் தமிழ் படித்து, வீட்டில் தாய்மொழியில் படித்து, வேலைக்காக ஆங்கிலமும் படிப்பவர்கள். ஒரு நூலகத்துக் குறிப்பேட்டில் நான்கு எழுத்துகளில் வரிகள் இருந்தால், அந்த ஊரின் வாசிப்பு உள்ளபடி அதில் தெரியும். கன்னடத்தில் எழுதியிருப்பது என்ன நூல் என்று பக்கத்தில் இருப்பவரிடம் தமிழர் ஒருவர் கேட்பார். அந்தப் பேச்சு வேறு எப்படியும் நிகழாது. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் பிற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓசூரில் உறவும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. வாரவிடுமுறையில் ஒரு நூலகத்திற்குள் வந்து, தன் ஊரில் தான் படித்த அதே எழுத்தாளரை இங்கும் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நோட்டில் பார்ப்பது அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களையும் விட்டுவிடக் கூடாது. இன்று நம் நூலகங்களில் காலை முதல் மாலைவரை இருக்கைகளை நிறைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று பாடத்திட்டத்தை உருப்போடுகிறவர்களை வாசகர் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும் போக்கு வாசகர் வட்டங்களில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், அது சரியன்று. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இருபத்தைந்து வயதில் மறுபடி எடுத்துப் படிக்கும் இளைஞர் எழுதுவதற்கும் அந்த நோட்டில் இடம் உண்டு. எந்தக் கையேடு பயனுள்ளது, எதில் பிழைகள் மலிந்திருக்கின்றன என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டாலே பலருடைய பணமும் காலமும் மிச்சமாகும். தமிழ்ப் பாடத்திட்டத்திற்காக ஒரு கவிஞரைப் பற்றி நான்கு வரி படித்தவர், அந்தக் கவிஞரை முழுவதுமாகப் படித்துக்கொண்டிருப்பவரின் குறிப்பைக் கண்டு ஒரு நாள் அந்த அடுக்கிற்குப் போகவும் கூடும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, தர்மபுரி மாவட்டத்தில் அது 68.5 விழுக்காடு; மாநிலத்திலேயே கடைசி இடம். இந்த எண்ணைச் சொல்லி நம் மக்களைப் படிக்காதவர்கள் என்று சொல்லிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பதினெட்டு நாள் பாரதம் உண்டு. பகலில் பந்தலுக்குள் பாரதப் பிரசங்கி வில்லிபாரதப் பாடலைப் பாடிப் பொருள் சொல்வார்; இரவில் அதே பகுதி கூத்தாக ஆடப்படும்; கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனோடு படுகளம் நடக்கும். அந்த நாட்களில் நீங்கள் எந்த டீக்கடையில் நின்றாலும், இன்றைக்கு எது, அர்ச்சுனன் தபசா, கர்ண மோட்சமா என்று ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்வதைக் கேட்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட, கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று சரியாகச் சொல்வார். ஊரே சேர்ந்து ஒரு நூலைப் படிப்பதும், எங்கே இருக்கிறோம் என்று பேசிக்கொள்வதும் இங்கே பழைய வழக்கம். ஆகவே குறிப்பேட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். பேத்தி படித்துக்காட்ட ஒரு கதையைக் கேட்டுவரும் பாட்டியின் பெயரும், கைப்பேசியில் ஒலிநூல் கேட்டபடி மாடு மேய்ப்பவரின் பெயரும் வாசகர் வரிசையில் வரட்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக அடுத்தவர் எழுதிக்கொடுக்கலாம்.

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் வழியே நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நூலகத்திற்கு வரும்போது பெரியவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க இந்த நோட்டு உதவும்; பள்ளி சார்ந்து இதைவிட அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நூலகர்களின் வேலைச்சுமையை நான் அறிவேன். ஊர்ப்புற நூலகங்களில் கதவைத் திறப்பதும், கூட்டுவதும், நாளிதழ்களை எடுத்துப் போடுவதும், நூல் வழங்குவதும், கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் ஒரே ஆள். அவர் தலையில் இன்னொரு பதிவேட்டைச் சுமத்தக் கூடாது. இந்த நோட்டுக்கு மாதாந்திர அறிக்கை வேண்டாம். எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டாம். படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் வேண்டாம். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைக்காக எழுதுவோர் வந்துவிடுவார்கள். நோட்டு நிறைந்துவிடும், ஆனால் அதில் யாரும் யாரோடும் பேசியிருக்கமாட்டார்கள். நோட்டை வாங்கித் தருவதும், தீர்ந்ததும் புதியது வைப்பதும், தீர்ந்த நோட்டுகளைப் பத்திரமாக எடுத்துவைப்பதும் வாசகர் வட்டத்தின் பொறுப்பாகட்டும். நூலகரிடம் கேட்பது ஒன்றே: மாதம் ஒருமுறை அதைப் புரட்டி, அதில் பேசப்படும் நூல்களுள் தம்மிடம் இருப்பவற்றை எடுத்து முகப்பு மேசையில் வைக்க வேண்டும்.

வாசகர்கள் கேட்டிருந்தும் நூலகத்தில் இல்லாத நூல்களின் பெயர்களை வாசகர் வட்டம் ஆண்டுக்கொருமுறை தொகுத்து மாவட்ட நூலக அலுவலரிடம் தரலாம். நூல் கொள்முதல் பெரும்பாலும் சென்னையில் பொது நூலக இயக்ககத்தின் வழியாகவே முடிவாகிறது. தர்மபுரியில் ஒருவர் எதைப் படிக்க விரும்புகிறார் என்பது அங்கே எட்டுவதற்கு இப்படிப்பட்ட கைப்பதிவு உறுதியான ஆதாரமாக இருக்கும். நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தர்மபுரியில் தகடூர் புத்தகப் பேரவையினர் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து அதற்காக உழைத்துவருகிறார்கள். அரங்குகளில் எத்தனை ரூபாய்க்கு நூல்கள் விற்றன என்பது முடிவில் அறிவிக்கப்படுகிறது. வாங்கிப் போனவர்கள் அவற்றைத் திறந்தார்களா என்று அறிய நம்மிடம் வழியில்லை. அடுத்த திருவிழாவுக்கு எந்தெந்த எழுத்தாளர்களை அழைப்பது என்று கூடிப் பேசும்போது, ஊர் நூலகங்களின் குறிப்பேடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் அந்த முடிவும் வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு இரண்டு ஆணைக்குழுக்கள் ஆகிவிட்டன என்றாலும், இந்த ஒன்றில் இரண்டும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டுகிறேன். பர்கூரில் இருப்பவர் எதைப் படிக்கிறார் என்று பாலக்கோட்டில் இருப்பவரும் அறியும்படி, முடிந்த நோட்டுகளைக் கிளைகள் தமக்குள் மாற்றிக்கொள்ளவும் வழி செய்யலாம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்திற்குள் எல்லாக் கிளைகளிலும் நோட்டு வைக்கப்பட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். மேடை போட்டுத் திறந்துவைக்கத் தேவையில்லை. காலையில் நூலகம் திறக்கும்போது மேசைமேல் இருந்தால் போதும். அரூர்க் கிளைக்கு வேண்டிய நோட்டுகளை எங்கள் வட்டத்தின் செலவிலேயே வாங்கித் தருகிறோம். பக்கத்துக் கிராமங்களின் ஊர்ப்புற நூலகங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறோம். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் கிளைகளுக்கு அனுப்பும் அடுத்த சுற்றறிக்கையில் இதற்கு இசைவு தெரிவித்து ஒரு வரி சேர்த்தால், மறுநாளே தொடங்கிவிடுவோம். இசைவு தர இயலாது என்று கருதினால், அதற்கான காரணத்தையேனும் வாசகர் வட்டங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்து வாசகன் ஒருவன்